மூன்று முறை கூப்பிடுவார்கள்

கிணற்றில் நீந்திப் பழகியவளுக்கு நேராக நீந்தத் தெரியாது என்பதை ராஜாத்தி கோவாவில் கடலுக்குள் போன பிறகுதான் கண்டுகொண்டாள். கரையிலிருந்து பார்க்கும்போது ஆரஞ்சு நிற மிதவைகள் ஒரே வரிசையில் நின்றன. அவற்றை வலப்பக்கம் வைத்துக்கொண்டு போக வேண்டும், அவ்வளவுதான். ஆனால் முகத்தைத் தண்ணீருக்குள் விட்டுக் கொஞ்ச நேரம் கை வீசிவிட்டு நிமிர்ந்தால் மிதவை எங்கோ இருந்தது, அவள் எங்கோ இருந்தாள். சுருளிப்பட்டியில் அண்ணன் தோட்டத்துக் கிணற்றில் ஒரு வருடமாக இடப்பக்கமாகவே சுற்றிச் சுற்றி வந்த உடம்பு, சுவரே இல்லாத இடத்திலும் சுவரைத் தேடி வளைந்தது. துடுப்புப் படகில் காவல் இருந்த ஆள் விசில் ஊதிக் கையைக் காட்டினான். மற்றப் போட்டியாளர்கள் எல்லாரும் ஒரு திசையில் போக, தான் மட்டும் அரபு நாட்டுப் பக்கம் போய்க்கொண்டிருப்பது தெரிந்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் ஒரு வாய் உப்புத் தண்ணீர் உள்ளே போனது. திரும்பி நீந்தினாள். அதற்குள் நிறைய நேரம் போயிருந்தது.

ராஜாத்திக்கு வயது ஐம்பத்தேழு. சின்னமனூரில் அவளும் கணவர் தங்கப்பாண்டியும் வாழைக்காய் மண்டி நடத்துகிறார்கள். ஒரே மகள் சிம்ரன் மதுரையில் பிசியோதெரபிஸ்ட். போன வருடம் கோவாவில் இதே போட்டிக்கு சிம்ரன் வந்தபோது, துணைக்கு என்று இருவரும் வந்திருந்தார்கள். கடலில் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாக நீந்தி, ஈரம் காயுமுன் தொண்ணூறு கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, அதே கையோடு இருபத்தோரு கிலோமீட்டர் ஓட வேண்டும். தங்கப்பாண்டி இதையெல்லாம் கேட்டுவிட்டு, எதற்கு என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். ராஜாத்தி அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கேட்டாள். சைக்கிளில் போகும்போதே எப்படிச் சாப்பிடுவார்கள், ஒன்றுக்கு வந்தால் என்ன செய்வார்கள், நரைத்த தலையோடு ஓடுகிற அந்த ஆளுக்கு என்ன வயது இருக்கும், இதில் ஜெயித்தால் என்ன கிடைக்கும்.

ஜெயித்தால் உலகப் போட்டிக்குப் போகலாம் என்றாள் சிம்ரன். அந்தப் போட்டிக்கு யாரும் நேராகப் பெயர் கொடுத்துவிட முடியாது. இந்த மாதிரி தகுதிப் போட்டி ஒவ்வொன்றுக்கும் இத்தனை இடம் என்று ஒதுக்குவார்கள். அதை ஆண், பெண் என்றும், ஐந்தைந்து வயது வித்தியாசத்திலும் பிரித்து வைப்பார்கள். ஒரு வயதுப் பிரிவில் முதலில் வந்தவருக்கு இடம். அவர் வேண்டாமென்றால் இரண்டாவது வந்தவருக்கு, அவரும் வேண்டாமென்றால் மூன்றாவது ஆளுக்கு. போட்டி முடிந்த அன்று மாலை ஒரு கூடத்தில் உட்காரவைத்துப் பெயரைக் கூப்பிடுவார்கள். மூன்று முறை கூப்பிடுவார்கள். ஆள் அங்கே இருந்து கையைத் தூக்க வேண்டும். தூக்காவிட்டால் இடம் கீழே இறங்கிவிடும். மண்டி ஏலம் மாதிரி ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்தான் என்று ராஜாத்தி புரிந்துகொண்டாள்.

“எங்க வயசுல எத்தன பொம்பளைக வந்தாக?”

“ஒருத்தரும் வரலம்மா.”

“ஏன்?”

ஊர் திரும்பிய பிறகும் ராஜாத்தி அந்தக் கேள்வியை விடவில்லை. வெளிநாட்டில் நடக்கிற அந்தப் பெரிய போட்டிக்காவது இந்த வயதுப் பெண்கள் வருவார்களா, வந்தால் எப்படி இருப்பார்கள், அவர்களுக்கும் விடியற்காலையில் முழங்கால் பிடித்துக்கொள்ளுமா என்று வாழைத்தாருக்கு விலை சொல்லிக்கொண்டிருக்கும்போதே யோசிப்பாள். ஒரு நாள் அண்ணன் தோட்டத்துக்குப் போனவள், திராட்சைக்குத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருக்கும்போது சுடிதாரோடு கிணற்றில் இறங்கிவிட்டாள். சின்ன வயதில் நீந்தியது. கை கால்கள் மறக்கவில்லை.

பிறகு சிம்ரனின் பழைய சைக்கிள் வந்தது. விடிந்ததும் கம்பம் ரோட்டில் ஏறினால், ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு கேரளாவுக்குப் போகிற ஜீப்புகள் அவளைத் தாண்டிப் போகும். நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் பெண்கள் முதலில் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தார்கள். இரண்டு வாரத்தில் கையசைக்கத் தொடங்கினார்கள். ஆடி மாதம் கணவாயிலிருந்து இறங்குகிற காற்று எதிரே வந்து சைக்கிளை அப்படியே நிறுத்தும். கூடலூருக்குப் போக இரண்டு மடங்கு நேரம் என்றால், திரும்பும்போது மிதிக்கவே வேண்டாம். இந்த வேடிக்கைக்காகவே அவள் கூடலூர் வரை போனாள்.

தங்கப்பாண்டி எதிர்ப்புச் சொல்லவில்லை. அவர் வேறு கணக்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்த வயதில் ஒருத்தரும் வருவதில்லை என்றால், கொடுத்த நேரத்துக்குள் முடித்தாலே முதலிடம். முதலிடம் என்றால் உலகப் போட்டி. இதை அவர் மண்டிக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னார். குமுளியிலிருந்து சரக்கெடுக்க வருகிற வியாபாரிகள்கூட, எப்போது வெளிநாடு பயணம் என்று ராஜாத்தியைக் கேட்டார்கள். அவள் சிரித்து வைத்தாள். எதிர்த்தட்டில் ஒன்றுமே இல்லாமல் தராசைத் தூக்கிப் பிடித்தது மாதிரி அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

போட்டிக்கு முந்தின நாள் கோவாவில் சைக்கிளைக் கொண்டுபோய்க் கம்பியில் மாட்டியபோது, பக்கத்துக் கம்பியில் ஒரு பெண் குனிந்து டயரை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டையாக வெட்டிய நரைமுடி, கழுத்தில் மெல்லிய சங்கிலியில் சிலுவை. ஒரே வயதுக்காரர்களுக்குத்தான் அடுத்தடுத்த கம்பி என்று சிம்ரன் சொல்லியிருந்தாள். ராஜாத்தி தயங்காமல் தமிழிலேயே வயதைக் கேட்டுவிட்டாள். அவள் நிமிர்ந்து, ஐம்பத்தாறு என்று தமிழிலேயே பதில் சொன்னாள். பெயர் ஜெபஷீலா, நாகர்கோவில் பக்கம். மஸ்கட்டில் நர்ஸாக இருந்துவிட்டுத் திரும்பியவள். அங்கே இருந்தபோது இரண்டு தடவை வேறு ஊர்ப் போட்டிகளுக்குப் போய், இரண்டு தடவையும் சைக்கிளில் நேரம் தாண்டிவிட்டதென்று இறக்கிவிட்டார்களாம்.

இருவரும் அங்கேயே தரையில் உட்கார்ந்து வெகுநேரம் பேசினார்கள். ராஜாத்தி திரும்பி வந்தபோது முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது.

“ஏங்க, எனக்கு ஆள் வந்திருச்சு” என்றாள்.

தங்கப்பாண்டியின் முகம் தொங்கிவிட்டது.

மறுநாள் கடலில் ராஜாத்தி வழிதவறியதால் ஜெபஷீலா வெகுதூரம் முன்னால் போயிருந்தாள். சைக்கிளில் ராஜாத்தி கொஞ்சம் மீட்டாள். மேட்டில் எல்லாரும் திணறியபோது அவளுக்குக் கூடலூர்க் காற்று ஞாபகம் வந்தது, அதைவிட இது பரவாயில்லை. ஓட்டம் ஒரே சாலையில் போய்ப் போய்த் திரும்புவதாக இருந்தது. அதனால் ஒவ்வொரு சுற்றிலும் இருவரும் எதிரெதிரே பார்த்துக்கொண்டார்கள். முதல் சுற்றில் ஜெபஷீலா கையைத் தூக்கினாள். இரண்டாவது சுற்றில் தலையை மட்டும் ஆட்டினாள். அதற்குப் பிறகு அவள் யாரையும் பார்க்கிற நிலையில் இல்லை. ஒரு காலை இழுத்து இழுத்து வைத்தாள். வெயிலில் உப்புப் பூத்திருந்த அந்த முதுகு ராஜாத்தியின் கண்ணெதிரே கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகிக்கொண்டே வந்தது. பிடித்துவிடலாம் என்று அவள் முழுதாக நம்பினாள். வாழ்நாளில் வேறு எதையும் அவள் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை. இன்னும் ஒரு கிலோமீட்டர் இருந்திருந்தால் பிடித்திருப்பாள். அவள் முடிவுக் கோட்டைத் தாண்டியபோது ஜெபஷீலா முன்னால் ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள்.

மாலையில் கூடத்துக்குப் போகிற வழியில், வராந்தாவின் ஓரத்தில் ஜெபஷீலா தூங்கிக்கொண்டிருப்பதை ராஜாத்தி பார்த்தாள். பையைத் தலைக்கு வைத்து, பதக்கம் கழுத்தின் பக்கவாட்டில் சரிந்து கிடக்க, வாயைத் திறந்து தூங்கினாள். கூட வந்தவர் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. முதலில் ஆண்களைத்தான் கூப்பிடுவார்கள், பெண்களுக்கு இன்னும் நேரமிருக்கிறது என்று சிம்ரன் சொன்னதால், பாவம் தூங்கட்டும் என்று ராஜாத்தி அவளைச் சுற்றிக்கொண்டு சத்தமில்லாமல் உள்ளே போனாள்.

ஆனால் மேடையில் மைக்கைப் பிடித்திருந்தவர் இந்தத் தடவை பெண்களிலிருந்து தொடங்கலாம் என்று அறிவித்தார். எல்லாரும் கை தட்டினார்கள். வயதில் மூத்த பிரிவுகளிலிருந்து ஆரம்பித்தார். அதற்கு மேல் வயதுள்ள பெண்கள் யாரும் ஓடவில்லை. எனவே முதல் பெயரே ஜெபஷீலாவுடையதாக இருந்தது.

ஒரு முறை கூப்பிட்டார். யாரும் கை தூக்கவில்லை. கூடத்தில் தலைகள் திரும்பின. சிம்ரன் தண்ணீர் பாட்டில் எடுக்கப் பின்பக்கம் போயிருந்தாள். தங்கப்பாண்டிக்கு ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாது, ஆனால் கூப்பிட்ட பெயரும், அதற்குப் பிறகு விழுந்த அமைதியும் அவருக்கு நன்றாகவே புரிந்தன. அவர் கை ராஜாத்தியின் மணிக்கட்டின் மேல் வந்து உட்கார்ந்தது. அழுத்தவில்லை. எடுக்கவும் இல்லை.

“பேசாம இரு” என்றார் மெதுவாக.

இரண்டாவது முறை கூப்பிட்டார். ராஜாத்திக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. இன்னும் ஒரு தடவை அந்தப் பெயர் ஒலிக்கும், பிறகு தன் பெயர். கையைத் தூக்கினால் போதும். மண்டி வாசலில் பேனர் கட்டுவார்கள், அதைப் பற்றி அவளுக்கு ஒன்றுமில்லை. ஆனால் அங்கே, அந்த வேற்று நாட்டுக் கடற்கரையில், எங்கெங்கிருந்தோ வந்த இவள் வயதுப் பெண்கள் வரிசையாக நின்றுகொண்டிருப்பார்கள். அவர்களை இவளுக்குப் பார்க்க வேண்டும். ஒவ்வொருத்தியாக நிறுத்தி, நீ எந்த ஊர், எதில் நீந்திப் பழகினாய் என்று கேட்க வேண்டும். அந்த ஆசை நெஞ்சுக்குள் எவ்வளவு பெரிதாக இருந்ததென்று அந்தக் கணத்தில்தான் அவளுக்கே தெரிந்தது. கதவு திறந்திருந்தது. வராந்தாவில் நீட்டிக் கிடந்த இரண்டு பாதங்கள் அவள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து தெரிந்தன. வேறு யாருக்கும் அவை யாருடைய பாதங்கள் என்று தெரியாது.

அவள் எழுந்தாள். தொடை விண்ணென்று பிடித்துக்கொண்டது.

“இருக்காக” என்று சத்தமாகச் சொன்னாள். பிறகு தெரிந்த ஆங்கிலத்தில், ஹியர், ஸ்லீப்பிங் என்றாள்.

கூடம் சிரித்தது. மைக் பிடித்தவரும் சிரித்துவிட்டு, சீக்கிரம் கூட்டி வாருங்கள் என்று வாசலைக் காட்டினார். ராஜாத்தி நாற்காலிகளைப் பிடித்துப் பிடித்து, காலைப் பக்கவாட்டில் வைத்து வைத்து வெளியே போனாள். குனிய முடியாததால் அப்படியே தரையில் உட்கார்ந்து ஜெபஷீலாவின் தோளை உலுக்கினாள். ஜெபஷீலா கண்ணைத் திறந்தாள்.

“வண்டி வந்தாச்சா?”

“ஒங்க பேரக் கூப்பிடுறாக. எந்திரிங்க.”

எழுந்தாள். ஆனால் ராஜாத்தியால் எழுந்திருக்க முடியவில்லை. தரையில் உட்கார்ந்தபடியே, உள்ளே கை தட்டுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஜெபஷீலா பெரிதாக நன்றி எதுவும் சொல்லவில்லை. அது அவள் ஓடிச் சம்பாதித்தது. திரும்பி வந்து ராஜாத்தியைக் கை கொடுத்துத் தூக்கிவிட்டு, அடுத்த வருசமும் வருவியளா அக்கா என்று மட்டும் கேட்டாள். கிணற்றில் வலப்பக்கமாகவும் சுற்றிப் பழக வேண்டும் என்றாள் ராஜாத்தி. ஜெபஷீலாவுக்கு அது புரியவில்லை. கைபேசி எண்ணை வாங்கிக்கொண்டாள்.

சிம்ரன் கார் ஓட்டினாள். திண்டுக்கல் தாண்டித் தேனிக்குத் திரும்பும்போது, முன்சீட்டிலிருந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டே தங்கப்பாண்டி கேட்டார்.

“நீ சொல்லலேன்னா யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?”

“அந்தம்மா முதுகப் பாத்துக்கிட்டேதான நான் ஓடுனேன்” என்றாள் ராஜாத்தி.

ஊர் வந்ததும் அவர் மண்டியில் விசாரித்தவர்களிடம், இரண்டாமிடம் என்று சுருக்கமாகச் சொன்னார். சில நாள் அதற்கு மேல் யாரும் கேட்டால் எழுந்து போய்விடுவார். பிறகு ஒரு நாள், குமுளி வியாபாரி ஒருவரிடம் அவரே அந்தத் தூக்கத்தைப் பற்றியும் வண்டி வந்தாச்சா என்று கேட்டதைப் பற்றியும் விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருப்பதை ராஜாத்தி கேட்டாள். அவர் சொன்ன விதத்தில் அந்த அம்மாள் சத்தமாகக் குறட்டையும் விட்டாள்.

உலகப் போட்டிக்கு முந்தின நாள் ஜெபஷீலா ஒரு படம் அனுப்பினாள். சைக்கிள் மாட்டுகிற கம்பிகள். அவற்றின் ஓரமாக நரைத்த, சுருங்கிய, வெயிலில் பொரிந்த முகங்கள். சிலர் சிரித்தார்கள், சிலர் படம் எடுப்பதைக் கவனிக்கவே இல்லை. எல்லாரும் நம்ம வயசுதான் என்று கீழே எழுதியிருந்தாள். ராஜாத்தி கல்லாவில் உட்கார்ந்து ஒவ்வொரு முகத்தையும் இரண்டு விரலால் விரித்து விரித்துப் பார்த்தாள். ஒருத்திக்கு முழங்காலில் நீளமாகத் தையல் தழும்பு இருந்தது. இன்னொருத்தி செருப்பில்லாமல் நின்றாள்.

மறுநாள் ஓடுகிறவர்கள் இருக்குமிடத்தைக் காட்டும் செயலியைச் சிம்ரன் மதுரையிலிருந்து போனில் சொல்லச் சொல்ல, தங்கப்பாண்டியே தன் கைபேசியில் ஏற்றினார். அதைத் தராசுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தார். கடலிலிருந்து ஜெபஷீலாவின் நீலப் புள்ளி வெளியே வந்தது. மலைப்பாதையில் ஏறத் தொடங்கியது. குமுளி ரோடு மாதிரியே வளைந்து வளைந்து போன அந்தப் பாதையைப் பார்க்க, சரக்கெடுக்க வந்தவர்களும் ஓட்டுநர்களும் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். கோவாவுக்கு முன்னால் இரண்டு தடவையும் சைக்கிளில்தான் அவளை இறக்கிவிட்டார்கள் என்று தங்கப்பாண்டி அவர்களுக்கு விளக்கினார்.

ஒரு வளைவில் புள்ளி நின்றுவிட்டது.

சிக்னல் இல்லையோ என்றார் ஒருவர். டயர் போயிருக்கும் என்றார் இன்னொருவர். எதுத்த காத்தா இருக்கும் என்று ராஜாத்தி சொன்னாள், அவர்களுக்கா தனக்கா என்று தெரியாத குரலில். தங்கப்பாண்டி திரையை விரித்தார். பாதை பெரிதானது, புள்ளி அதே இடத்தில் இருந்தது. லாரியிலிருந்து தார் இறக்கிக்கொண்டிருந்த சுமைக்காரர் ஒருவர், தோளில் இருந்ததை உள்ளே கொண்டுபோய் வைக்காமல் அவர்கள் பின்னால் வந்து நின்று எட்டிப் பார்த்தார். தாரின் வெட்டுவாயிலிருந்து பால் சொட்டுச் சொட்டாக அவர் சட்டையில் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் தோளை மாற்றவில்லை.