பாலத்துக்கு அந்தப் பக்கத்துப் பிரசவம்

எங்கள் கேம்போபெல்லோ தீவு கனடாவுக்குச் சொந்தம். ஆனால் தீவை விட்டு வெளியே போக இருக்கிற ஒரே பாலம் அமெரிக்காவில் போய் இறங்குகிறது. அங்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் வண்டி ஓட்டி, இன்னொரு பாலம் தாண்டினால்தான் மறுபடியும் கனடா வரும். எந்த மகராசன் கோடு போட்டானோ, அவனை நான் ஆயுசு முழுக்கத் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

எனக்குக் கோபம் வர ஒரு காரணம் உண்டு. தீவின் மளிகைக் கடையில் கல்லாவில் உட்காருகிறவள் நான். ஊரே பாலத்தைத் தாண்டி லூபெக்கில் பால், கோழி, வெண்ணெய், பெட்ரோல் எல்லாம் மலிவாக வாங்கிக்கொண்டு வரும். அங்கே வாங்க மறந்துபோன தீப்பெட்டிக்கும் உப்புக்கும் மட்டும் என் கடைக்கு வரும். வந்தால் சும்மா போகாது. அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து, எந்தப் பக்கம் எது லாபம் என்று மணிக்கணக்கில் பேசும். அந்தக் கூட்டத்துக்குத் தலைவர் வேறு யாருமில்லை, என்னைப் பெற்ற அப்பா பர்ட்டன்தான்.

"வாங்குறதெல்லாம் அந்தப் பக்கம், படுக்குறதெல்லாம் இந்தப் பக்கம்" என்பார். சீக்கு வந்து படுத்தால் கனடாவில் வைத்தியத்துக்குக் காசு கிடையாது, அதுதான் அர்த்தம்.

அவருக்கும் ஒரு வயிற்றெரிச்சல் இருந்தது. அவரைப் பெற்றது லூபெக்கில், ஒரு டாக்டர் வீட்டில். அந்தக் காலத்தில் தீவுக்காரிகள் பலர் அப்படித்தான் படகில் போய்ப் பெற்றுக்கொண்டு வந்தார்கள். பிறந்த மண்ணால் அவர் அமெரிக்கக் குடிமகன் என்பதும், எங்கே குடியிருந்தாலும் தன் வருமானத்தை வருஷா வருஷம் அந்த அரசாங்கத்துக்குச் சொல்லியாக வேண்டும் என்பதும் அறுபது வயதில்தான் அவருக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து கணக்காளருக்குக் கொட்டி அழுதுகொண்டிருந்தார்.

"ஒரு நாள் அங்க பொறந்த பாவத்துக்கு ஆயுசு பூரா கப்பம் கட்டுறேன்!"

இப்படி இருக்கையில் என் தம்பி டேரனின் மனைவி ஜானெல் உண்டானாள். கடை அடுப்புக்கு நல்ல விறகு கிடைத்தது.

"அந்தப் பக்கம் பெத்துட்டா புள்ளைக்கு ரெண்டு பாஸ்போர்ட்டுப்பா" என்பார் எல்வுட், நண்டு பிடிக்கிறவர்.

"ரெண்டு வரியும்னு சொல்லு" என்பார் அப்பா. "ஆஸ்பத்திரி பில்லு இருக்கே, அதுல ஒரு படகு வாங்கிரலாம். அந்த பில்லுக்கு நம்ம கவர்மெண்டு குடுக்கிறது பஞ்சு வாங்கக் காணாது. என் பேரப்புள்ள அந்த மண்ணுல விழவே கூடாது, சொல்லிட்டேன்."

ஜானெல் கூடையோடு ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். வெளியூரிலிருந்து வாழ வந்தவள், அதிர்ந்து பேசமாட்டாள். எல்லாரும் சிரித்தால் அவளும் சிரிப்பாள். உனக்கு என்ன தோன்றுகிறது என்று அவளை யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

தீவில் பிள்ளைத்தாச்சிகள் நாள் நெருங்குமுன் கனடா கரைக்குப் போய், செயின்ட் ஜானில் யாராவது சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிடுவார்கள். ஜானெலும் போயிருக்க வேண்டியவள். ஆனால் சிங்கிறால் பிடிக்கிற கூடுகளைக் கடலில் இறக்கும் நாள் வந்துகொண்டிருந்தது. நவம்பரில் அந்த ஒரு நாள், தீவில் நடக்கத் தெரிந்த ஆண்பிள்ளை எல்லாம் கடலில்தான். முதல் கூடு இறக்கப் படகு கிளம்பும்போது மனைவி துறையில் நின்று கையாட்ட வேண்டும் என்பது எங்கள் வீட்டில் ஒரு பிடிவாதம். அதைப் பார்த்துவிட்டு மறுநாள் போகிறேன் என்றாள். பிரசவத்துக்கு இன்னும் நாள் இருந்ததால் நாங்களும் சரி என்றோம்.

விடியற்காலையில் கையாட்டிவிட்டு வந்தவளுக்கு மதியம் வலி கண்டது. தீவின் ஆம்புலன்ஸ், துறையில் வழுக்கி விழுந்த ஒருவரை ஏற்றிக்கொண்டு காலையிலேயே செயின்ட் ஜானுக்குப் போயிருந்தது. கடையை அப்படியே போட்டுவிட்டு என் காரை எடுத்தேன். கடலுக்குப் போகிற வயசைத் தாண்டிய அப்பா கேட்காமலே முன்சீட்டில் ஏறிக்கொண்டார்.

பாலத்தில் அமெரிக்கச் சுங்கக்காரர் குனிந்து பார்த்தார். "என்ன பர்ட்டன், இன்னிக்கு என்ன, கோழியா வெண்ணெயா?" பின்சீட்டைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "போங்க, போங்க" என்று கையைக் காட்டினார்.

லூபெக் பெட்ரோல் பங்க் வந்தது. "லியோனா, டேங்க்கை இங்கயே ரொப்பிரும்மா. அந்தப் பாலம் தாண்டிட்டா வெலை..."

"அப்பா, வாயை மூடுங்க!"

பெற்ற தகப்பனிடம் நான் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை.

லூபெக் சாலை வைட்டிங் என்கிற ஊரில் போய் முட்டும். வலது பக்கம் திரும்பினால் கனடா, இன்னும் வெகுதூரம். இடது பக்கம் திரும்பினால் அமெரிக்க ஆஸ்பத்திரி, கிட்டத்தில். அந்த முக்கு வருமுன் ஜானெல் மெதுவாக, "அண்ணி, சீட்டெல்லாம் நனைஞ்சிருச்சு" என்றாள். பனிக்குடம் உடைந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அப்பா திரும்பிப் பார்த்தார்.

"ரத்தம்" என்றார். "லியோனா, ரத்தம். இடது பக்கம் திருப்பு."

"வேணாம் அண்ணி" என்றாள் ஜானெல். "நம்ம பக்கமே போங்க."

"ஏம்மா, இவ்வளவு ரத்தம் போகுதே!"

"போகட்டும் மாமா. நான் தாங்கிக்குவேன். படகுக் கடனே இன்னும் அடையல. இந்த ஆஸ்பத்திரி பில்லுக்கு இன்னொரு படகு வாங்கலாம்னு நீங்கதான சொன்னீங்க? புள்ள ஆயுசு பூரா கப்பம் கட்டணும்னு சொன்னீங்களே."

"அது சும்மா பேசினதும்மா. பொழுது போகாம அடுப்புகிட்ட உக்காந்து பேசினது."

"அது சும்மான்னு எனக்குத் தெரியாதே மாமா."

முக்கில் காரை நிறுத்தியிருந்தேன். பின்னால் ஒரு மர லாரி ஹாரன் அடித்தது. அப்பா பெல்ட்டைக் கழற்றிவிட்டு, சீட்டில் மண்டி போட்டுப் பின்பக்கம் திரும்பி, அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "உன் காலைப் பிடிக்கிறேம்மா, சரின்னு சொல்லு" என்று கெஞ்சினார். அவள் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. அவள் உதடு வெளுத்திருந்தது.

நான் இடது பக்கம் திருப்பினேன்.

"திருப்புங்க அண்ணி, திருப்புங்க" என்று அழுதுகொண்டே வந்தாள். கொஞ்ச தூரத்தில் அந்தக் குரலும் நின்றுவிட்டது. அதற்குப் பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. யார்மேல் என்று தெரியாமல் ஒரு கோபமும் வந்தது. அப்பாமேல், எல்வுட்மேல், கல்லாவில் உட்கார்ந்து அவர்களோடு சேர்ந்து சிரித்த என்மேல். கையில் அகப்பட்டால் அந்த அடுப்பையே தூக்கிக் கடலில் போட்டிருப்பேன்.

ஒன்று சொல்லவேண்டும். அந்த ஆஸ்பத்திரியில் காசைப்பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாசலிலிருந்தே தள்ளுகட்டிலில் போட்டு உள்ளே ஓடினார்கள். அப்பாதான் போகிற வருகிற நர்சிடமெல்லாம், "எவ்வளவு ஆனாலும் பரவாயில்லம்மா, என் வீட்டை வித்துத் தர்றேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஒருத்தி அவரைத் தோளில் தொட்டு உட்கார வைத்தாள். டேரனுக்குப் படகு ரேடியோவில் சொல்லியனுப்பச் சொல்லி நான் தீவுக்குப் போன் போட்டேன்.

பொழுது சாயும்போது டாக்டரம்மா வந்தாள். பிள்ளை வெளியே வருமுன்னாலேயே நஞ்சுக்கொடி பிரிந்துவிட்டதாம். இன்னொரு பாலம் வரை போயிருந்தால் இரண்டு பேருமே இல்லை என்றாள். குழந்தை கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. சின்னஞ்சிறு உடம்பு, ஆனால் மூச்சு நன்றாக வந்துகொண்டிருந்தது. அப்பா கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

ஜானெலுக்கு மயக்கம் தெளிகிறது என்று எங்களை உள்ளே விட்டார்கள். "நான்தான் சொல்லுவேன், நீ குறுக்க பேசாத" என்று அப்பா என்னிடம் சொல்லி வைத்திருந்தார். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கட்டிலருகே போய் நின்றார்.

அவள் கண்ணைத் திறந்தாள். வயிற்றைத் தடவிப் பார்க்கவில்லை, குழந்தையைக் கேட்கவில்லை. அவரைத்தான் பார்த்தாள்.

"எவ்வளவு ஆச்சு மாமா?"

அப்பா வாயைத் திறந்தார். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். அவர் அழுவதைப் பார்த்து, பிள்ளை போய்விட்டது என்று எண்ணி அவள் முகம் அப்படியே இறுகிப்போனது.

"இருக்காடி! பொண்ணுடி! உசுரோட இருக்கா!" என்று நான் கத்திய கத்தலில் நர்ஸ் ஓடிவந்தாள்.