மருந்து அடிக்காத பாத்தி

சவப்பெட்டியை மூட மூடியைத் தூக்கிவிட்டார்கள். போதகர் ஆபேல் கையைக் காட்டி நிறுத்தினார்.

"மூடுறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை. நம்ம தேவானந்தம் அண்ணனுக்கு ஒரு செடி வாடினாக்கூடப் பொறுக்காது. ரெண்டு வருஷம் முன்னாடி விவசாய ஆபீஸ்காரங்க அவர் கொல்லையில பரீட்சை வெச்சாங்க. வேர்க்கடலையில பாதிப் பாத்திக்கு இலைப்புள்ளி மருந்து அடிக்கணும், பாதிக்கு அடிக்கக் கூடாது. மனுஷன் மனசு கேக்காம, யாருக்கும் தெரியாம, எல்லாத்துக்கும் அடிச்சுட்டாரு!"

அழுது ஓய்ந்த பெண்கள்கூடச் சிரித்தார்கள். தலைமாட்டில் நின்ற ஜெபசீலனுக்கு உடம்பு கூசியது. அந்த ஆபீஸ்காரன் அவன்தான். பெட்டியில் கிடந்தவர் அவனுடைய அப்பா.

நடந்தது வேறு. மருந்து அடித்தால்தான் மகசூல் என்று ஆம்பூரைச் சுற்றி ஊர் ஊராகச் சைக்கிள் மிதித்துத் தொண்டை கிழியச் சொன்னவன் அவன். அந்த வருஷம் மழை கம்மி, நோயும் கடைசியில்தான் வந்தது. அடிக்காத பாத்தியில் இலையெல்லாம் புள்ளி விழுந்திருந்தது. கடலை வியாபாரி வாஹித் பாஷா அந்த இலைகளைக் கையாலேயே தடவிப் பார்த்தார். ஆனால் அவர் எடை போட்டபோது இரண்டு பக்கத்துக் கடலையும் சரிக்குச் சரி நின்றது. மருந்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை. மேலதிகாரி நோட்டைத் திறந்ததும் ஜெபசீலனுக்கு வியர்த்துக் கொட்டியது. ஊரே சிரிக்குமே!

"எங்கப்பா அடிக்காத பாத்திக்கும் அடிச்சுட்டாரு போல சார்" என்று சொல்லிவிட்டான்.

அதிகாரி தேவானந்தத்தைப் பார்த்தார். பொய் பேசாதவர் என்று சபையில் பெயர் வாங்கிய மனிதர். அப்பா மகன் முகத்தை ஒருமுறை பார்த்தார்.

"ஆமா சார். மனசு கேக்கல."

அந்தப் பரீட்சை செல்லாது என்று அதிகாரி நோட்டில் கோடு போட்டுவிட்டுப் போனார். "சாப்புடுப்பா, காலையிலேர்ந்து வெறும் வயிறு" என்றார் அப்பா. அவ்வளவுதான். ஆனால் அந்த வாரத்திலிருந்து, பாவத்தோடு தொடக் கூடாத திருவிருந்து அப்பத்தை வாங்க அவர் போகவில்லை. கேட்டவர்களிடம் முழங்கால் வலி, மண்டியிட முடியவில்லை என்றார். ஜெபசீலன் நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இரண்டு வருஷத்தைத் தள்ளினான், பாவி.

"நீ ரெண்டு வார்த்தை பேசுப்பா" என்றார் போதகர்.

"எங்கப்பா மருந்து அடிக்கல." அவன் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். "நான்தான் பொய் சொன்னேன். என் மானம் போயிடும்னு அவர் தலையில போட்டேன்."

சித்தி கிரேஸி ஓடிவந்து அவனைக் கட்டிக்கொண்டாள்.

"அப்பனை வுட்டுக்குடுக்காம பழியத் தன் தலையில போட்டுக்கறான் பாரு! இன்னா புள்ளைடா நீ!"

போதகர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவரே சொன்னாரேப்பா, மனசு கேக்கலன்னு."

"இல்ல சித்தி, நெசமாத்தான்…"

ஆணி அடிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

தோல் பதனிடும் ஷாப்பில் மத்தியானச் சங்கு ஊதும் நேரத்துக்குக் குழி பாதி மூடியிருந்தது. வாஹித் பாஷா குனிந்து மூன்று பிடி மண் போட்டார். ஜெபசீலன் அவரிடம் போய்க் கையை நீட்டினான்.

"பாய், அந்த இலையைத் தொட்டுப் பார்த்தீங்களே, உங்களுக்குத் தெரியும்ல?"

"கை மண்ணா இருக்குப்பா" என்றார் அவர். தோள் துண்டை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். பிறகு அவன் நீட்டிய கையைத் தாண்டி நேராகப் போய்ப் போதகரின் கையைப் பிடித்துக்கொண்டார்.