ஹாஜியார் கொடுத்த கரண்டி

நோன்புக் கஞ்சியைத் திருடவும் ஆள் இருக்கும் என்று யாராவது நினைப்பார்களா? 2004ஆம் வருட நோன்பில் லப்பைக்குடிகாட்டில் நினைத்தார்கள். அதுவும் பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்சுகிற நஜீமுதீனையே!

பத்து வருடமாக அதே தேக்சா அண்டா, அதே அளவு அரிசி, அதே இருநூறு வீடு. மாலை அஸர் தொழுகை முடிந்ததும் வீட்டுக்கு இரண்டு கரண்டி ஊற்றுவார். இந்த வருடம் மட்டும் கடைசி ஐம்பது பேர் தினமும் வெறும் தூக்குவாளியோடு திரும்பினார்கள். சவூதியிலிருந்து வந்திருந்த சுல்தான் மொய்தீன் ஹாஜியார் வரிசை முழுக்கக் கேட்கும்படி, "கஞ்சிக்குக் காலு மொளச்சு ஒன் வூட்டுக்கு நடக்குதோ நஜீமு? வர்ற வெள்ளிக்கும் பத்தலன்னா வேற ஆளப் பாத்துக்குவோம்" என்று சொல்லிவிட்டார்.

நஜீமுதீனின் மகள் ஆஃப்ராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பத்தாம் வகுப்பு, கணக்கில் புலி, வாயும் சளைத்ததில்லை. அத்தாவோ வீட்டுக்கு வந்து, "எங்கயோ நாந்தான் தப்புப் பண்றேன் போல" என்று சுருண்டு உட்கார்ந்துவிட்டார். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

சித்தப்பா மகன் அனஸைக் கூட்டிக்கொண்டு போய்த் தேக்சாவில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை. பிறகு மூன்று நாள் அனஸ் மதில்மேல் உட்கார்ந்து, கஞ்சி வாங்கிய வீடுகளுக்கெல்லாம் நோட்டில் கோடு போட்டான். நூற்றைம்பது, நூற்றைம்பது, நூற்று நாற்பத்தொன்பது.

"திருடுறவன் தெனமும் இவ்ளோ கரெக்டாவா திருடுவான்? போன வருசம் இல்லாதது எதுடா இப்ப இருக்கு?"

"கரண்டி புதுசு. ஹாஜியார் குடுத்தது. பேருகூட வெட்டியிருக்கே" என்றான் அனஸ்.

பழைய கரண்டி சாமான் அறையில் கிடந்தது. ஸ்கேலை வைத்து அளந்தார்கள். பழையதின் வாய் பத்து சென்டிமீட்டர், புதியது பதினொன்று.

"ஒரு சென்டிமீட்டர்தானக்கா!"

"ஆழமும்ல கூடுது, மண்டு! அரைக்கோளம்டா. ஆரத்த மூணு தரம் போட்டுப் பெருக்கணும்." பெருக்கிப் பார்த்தாள். மூன்றில் ஒரு பங்கு கூடுதல்.

வெள்ளிக்கிழமை கஞ்சி ஊற்றுமுன் ஒரு வாளித் தண்ணீரோடு வரிசைக்கு முன்னால் போய் நின்றாள். விஷயத்தைக் கேட்ட ஹாஜியார் சிரித்தார். "ஒரு சென்டிமீட்டருக்கா இம்புட்டு ஆர்ப்பாட்டம்?"

ஆஃப்ரா பழைய கரண்டியால் நாலு கரண்டி தண்ணீரைச் சட்டியில் ஊற்றினாள். அந்தத் தண்ணீரைப் புதுக் கரண்டியில் ஊற்றிக் காட்டினாள். மூன்று தரம்தான் நிறைந்தது, சட்டி காலி.

"நாலு வூட்டுக் கஞ்சி மூணு வூட்டுக்குப் போயிருக்கு மாமா. திருடுனது எங்க அத்தா இல்ல, ஒங்க கரண்டி!"

வரிசையே சிரித்தது. ஹாஜியார் தன் பெயர் தெரியாதபடி கரண்டியை வாங்கித் துண்டில் சுற்றிக்கொண்டார்.

அன்று பழைய கரண்டியால் கஞ்சி ஊற்றினார் நஜீமுதீன். நூற்றைம்பதைத் தாண்டியும் தேக்சாவில் கஞ்சி இருந்தது. ஹாஜியாரின் முறை வந்தபோது அவர் குனிந்து, காதோடு காதாக, "மன்னிச்சுரு நஜீமு, அவசரப்பட்டுட்டேன்" என்றார்.

நஜீமுதீன் கரண்டியை அந்தரத்தில் நிறுத்தினார்.

"கடைசில நிக்கிறவங்களுக்குக் கேக்கல ஹாஜியாரே."