இரண்டாம் பக்கம், மூன்றாம் பாட்டு

பென்சனிடம் ஒரு நல்ல பழக்கம் உண்டு. எந்தப் பழைய ரெக்கார்டையும் முழுக்க ஓடவிட்டுக் கேட்காமல் விற்கமாட்டார். கீறல் எங்கே, முள் எந்தப் பாட்டில் குதிக்கிறது என்று ஒரு சீட்டில் எழுதி அட்டைக்குள் வைத்துவிடுவார். ராஜபாளையத்திலிருக்கும் அவருடைய சின்னக் கடைக்குப் பெங்களூரிலிருந்தெல்லாம் ஆர்டர் வருகிறதென்றால் அந்தச் சீட்டை நம்பித்தான்.

ஒரே ஒரு ரெக்கார்டை மட்டும் அவர் முப்பத்தொன்பது வருடமாகக் கேட்கவில்லை. அண்ணன் மைக்கேல் முதல் சம்பளத்தில் வாங்கிய வெளிநாட்டு ராக் ஆல்பம் அது. பென்சனுக்கு அப்போது பதினாறு வயது. சபையின் கன்வென்ஷன் கூட்டத்துக்கு வந்த ஒரு பிரசங்கியார், இந்த மாதிரிப் பாட்டுக்குள் பிசாசு குடியிருக்கிறது என்று தொண்டை கிழியக் கத்தினார். வீட்டுக்கு வந்து பார்த்தால், இரண்டாம் பக்கத்து மூன்றாம் பாட்டின் தலைப்பிலேயே பிசாசு இருந்தது. சேஃப்டி பின்னை எடுத்து அந்தப் பாட்டின் மேல் ஒரு சிலுவை கீறிவிட்டார். பிசாசைக் கட்டிப்போட்டதாக நினைப்பு! பாட்டில் ஒரு வரிகூடக் கேட்டதில்லை.

மைக்கேல் சந்தேகப்பட்டது அப்பாவை. இரைச்சலை நிறுத்தச் சொல்லி ஏசிக்கொண்டிருந்தவர் அவர்தானே. தான் தொடவே இல்லை என்று அப்பா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். மைக்கேல் ரெக்கார்டை அங்கேயே போட்டுவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் குடியேறினார். அப்பா சாகும்வரை, பதினோரு வருடம், அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அத்தனை வருடமும் பென்சன் வாயைத் திறக்கவில்லை. முதலில் பயம், அப்புறம் கூச்சம், அதற்கப்புறம் காலம் கடந்துவிட்டதென்ற சாக்கு.

போன வாரம் பெங்களூர்க்காரர் ஒருவர் அதே ஆல்பத்தைக் கேட்டார். விற்றுத் தலைமுழுகிவிடலாம் என்று பென்சன் அதை ஓடவிட்டார். முதல் பக்கம் பிடிக்கவில்லை. டிரம்ஸ்காரர் யார் மேலோ உள்ள கோபத்தில் அடித்திருந்தார். இரண்டாம் பக்கத்தில் மூன்றாம் பாட்டு வந்தது. சுற்றுக்குச் சுற்று சிலுவை டிக், டிக் என்றது. அதற்கு அடியில், கரகரத்த குரலில் ஒருவன், குடிப்பிசாசு என்னை விடமாட்டேன் என்கிறது, நீர் மீட்டுக்கொள்ளும் ஆண்டவரே என்று மன்றாடிக்கொண்டிருந்தான். இத்தனை வருடம் கோயிலில் கேட்ட ஜெபங்களில் இவ்வளவு உண்மையானது ஒன்றிரண்டு தேறினால் அதிகம்.

வழக்கம்போல் சீட்டு எழுத உட்கார்ந்தார். மூன்றாம் பாட்டில் கீறல் என்று எழுதியவருக்கு மேலே கை ஓடவில்லை. முகம் தெரியாதவருக்கு உண்மையை எழுதுகிறோம், கூடப் பிறந்தவனிடம் சொல்லவில்லையே என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது. கடையைப் பூட்டிவிட்டு ரெக்கார்டோடு பஸ் ஏறினார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் மைக்கேல் வீட்டு வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னார்.

"அப்பா இல்லண்ணே. நாந்தான் கீறுனேன். உள்ள ஜெபம் இருக்குன்னு எனக்குத் தெரியாது."

மைக்கேல் ரெக்கார்டை வாங்கி, அந்தச் சிலுவையை விரலால் தடவிப் பார்த்தார்.

"ஜெபம்னு எனக்குத் தெரியும்லே. அதுக்காவத்தான வாங்குனேன்."

அடிப்பார் என்றுதான் பென்சன் நினைத்தார். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மைக்கேல் உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

"கெளம்பு. அப்பா கல்லறைக்குப் போவோம். மொதல்ல நீ அவியகிட்டச் சொல்லு. பொறவு நான் பேசிக்கிடுதேன்."