மாத்திரையும் ஆட்டுக்காலும் ஒரே மடக்கில்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. தில்லை நகரில் ஓர் எலும்பு டாக்டரின் வாசலில், டோக்கன் முப்பத்தெட்டுக்காகக் காத்திருந்தபோது பக்கத்து நாற்காலியிலிருந்து திருடியது. பெயர்களை மாற்றிவிட்டேன். எலும்புகளை மாற்றவில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: “காவிரிப் பாலத்தில் பஸ் குலுங்கியபோது மஹ்ஜபீன்...” அடித்துவிட்டேன். அடுத்தது: “அறுபத்துமூன்று வயதில் ஒரு பெண்ணின் எலும்புக்குள் காலம் மெல்லப் புகுந்து...” சே. காலத்துக்கு வேறு வேலை இல்லையா?

நடந்தது இவ்வளவுதான். பாலக்கரை மஹ்ஜபீன் ஆட்டோவிலிருந்து இறங்கினாள். ஆட்டோ நின்றுகொண்டிருந்தது. கால் லேசாகப் பிசகியது, கையை ஊன்றினாள். மணிக்கட்டு அப்பளமாகிவிட்டது.

2

டாக்டர் அறிவுமதி மாவுக்கட்டு போட்டார், ஸ்கேன் எடுத்தார். எலும்பு அரித்துப் போயிருக்கிறது என்றார். வாரம் ஒரு மாத்திரை எழுதினார். “இதை விட்டுட்டீங்கன்னா அடுத்தது இடுப்பும்மா.”

இடுப்பு என்ற சொல் மஹ்ஜபீனுக்குப் புதிதல்ல. அவள் அக்கா ஜஹானாரா இடுப்பு முறிந்து பதினான்கு மாதம் கிடந்தாள். புரட்டிப் புரட்டித் துடைத்தவள் இவள்தான். மஹ்ஜபீனுக்குச் சாவை, மவுத்தைப் பற்றிக்கூடப் பயமில்லை. தன்னையும் ஒருநாள் யாராவது அப்படிப் புரட்டுவார்களோ என்றுதான் பயம்.

ஆனால் மாத்திரை அட்டையோடு ஒரு தாள் வந்தது. பக்கவிளைவுகளை எறும்பு ஊர்கிற மாதிரி அச்சடித்திருந்தார்கள். பூதக்கண்ணாடி வைத்துப் படித்தாள். நெஞ்செரிச்சல். தாடை எலும்புச் சிதைவு. பூதக்கண்ணாடியில் எறும்பு யானையாகத்தானே தெரியும்?

வீட்டிலும் இரண்டு கட்சி. மகள் ருக்ஸார் மாத்திரைக் கட்சி. கணவர் ஜமால் இயற்கைக் கட்சி. இயற்கைக் கட்சிக்குத் தலைமை அலுவலகம் ஸ்ரீரங்கத்தில் இருந்தது. ஓய்வுபெற்ற சர்வேயர் நல்லதம்பி, அம்மா மண்டபம் சாலையில் ஞாயிறு காலைகளில் ‘எலும்பே செல்வம்’ என்றொரு கூட்டம் நடத்தி, எலும்புக்குப் பிரண்டை போதும் என்றார். நாற்பது வருடம் நிலத்தை அளந்தவருக்கு உடம்பை அளக்கத் தெரியாதா?

“மாத்திரை எலும்பைக் கல்லாக்கும், ஜமால் பாய். கல்லு என்ன ஆகும்? உடையும்!”

“கரெக்டுங்க,” என்றார் ஜமால். அவருக்குப் பின்னால் ஆற்றுக்கு அக்கரையில் மலைக்கோட்டை, கல்தான், உடையாமல் நின்றுகொண்டிருந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

[அடிக்குறிப்பு: பிரண்டையை நான் பழிக்கவில்லை. பிரண்டையிலேயே வளர்ந்த என் பெரியப்பா ஒருவர் உச்சிப்பிள்ளையார் கோயில் படிகளில் உருண்டு விழுந்தார். மூன்று படி உடைந்தது. ஆட்கள் வந்து படிகளுக்குத்தான் மாவுக்கட்டு போட்டார்கள். இதை நம்ப வேண்டாம். மற்றதை நம்பலாம்.]

3

இந்த இடத்தில் ஜமாலைப் பற்றி எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அவரை முட்டாளாக எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள், எனக்கும் வேலை மிச்சம். ஆனால் அந்த மனுஷன் தினமும் காலையில் எழுந்து, உள்ளங்கை அரிக்க அரிக்கப் பிரண்டை நறுக்கினார். வெள்ளிக்கிழமை காலைகளில் ஆட்டுக்கால் பாயா சூப்பையும் தானே வைத்தார். நறுக்கிய பிரண்டையை அதில் போட்டார் (சுத்த சைவரான நல்லதம்பிக்கு இது தெரியாது; தெரிந்தால் காவிரியில் மூன்று முழுக்கு). முட்டாள் இவ்வளவு செய்வானா? பெண்டாட்டி மேல் உயிரை வைத்த முட்டாள் செய்வான். ஆகவே அப்படியே விட்டுவிடுகிறேன்.

மஹ்ஜபீன் என்ன செய்தாள்? குடும்பத்துப் பெண்கள் செய்வதைச் செய்தாள். மகள் மனமும் நோகக் கூடாது, கணவர் மனமும் நோகக் கூடாது. வெள்ளிக்கிழமை காலையில், பிஸ்மி சொல்லி, மாத்திரையை ஆட்டுக்கால் சூப்போடு ஒரே மடக்கில் விழுங்கினாள். மகள் மாத்திரை இறங்கியதைப் பார்த்தாள். கணவர் சூப் இறங்கியதைப் பார்த்தார். ஆறு மாதம் வீட்டில் சண்டையே இல்லை.

இடையில் முதுகு வலித்தது. புதிதாகத் தைத்த பர்தா தரையில் இழுபட்டது. “அளவு எடுக்கத் தெரியாதவன்லாம் கடை வெச்சிருக்கான்,” என்று தையல்காரரைத் திட்டினாள். அவர் இரண்டு முறை அளந்து பார்த்துவிட்டு, அடியை மடித்துத் தைத்துக் கொடுத்தார்.

4

டாக்டர் எக்ஸ்ரேயை விளக்குப் பெட்டியில் மாட்டினார். முதுகெலும்பில் ஒரு கட்டை நசுங்கி, மஹ்ஜபீனின் உயரமே குறைந்திருந்தது; தையல்காரர் மேல் தப்பில்லை.

“மாத்திரை ஒழுங்கா சாப்பிடறீங்களாம்மா?”

“ஒரு வாரம்கூட விட்டதில்லங்க.”

“எதோட?”

“சூப்போடங்க.”

“வெறும் வயித்துல, வெறும் தண்ணியில, அப்புறம் அரை மணி நேரம் நிமிந்து உக்காரணும்னு சொன்னேன்ல?”

“வெறும் வயித்துலதாங்க சூப்பைக் குடிக்கிறேன்.”

டாக்டர் பேனாவை வைத்தார். “எந்த சூப்பு?”

“ஆட்டுக்காலுங்க. பிரண்டை போட்டது,” என்றார் ஜமால், கொஞ்சம் பெருமையாக.

“அந்த மாத்திரை சாப்பாட்டோட போனா உடம்புல ஒட்டாது. ஆறு மாசமா அந்த ஆட்டுக்காலுக்குத்தான் வைத்தியம் நடந்திருக்கு.”

ஜமாலின் முகம் மலர்ந்தது. “அப்ப இத்தனை நாள் தாங்கினது சூப்புதானே, டாக்டரம்மா?”

“தாங்கலைங்க. அதான் நசுங்கியிருக்கு.” டாக்டர் எக்ஸ்ரேயைத் தட்டினார். “கேழ்வரகு, கீரை, வெயில், நடை எல்லாம் நல்லதுதான். நானே எழுதித்தரேன். ஆனா உங்க எலும்பு இருக்கற நிலைமைக்கு அது மட்டும் போதாது. மாத்திரை பயமா இருந்தா வருஷத்துக்கு ஒரு ஊசி இருக்கு. முதல்ல பல் டாக்டர்கிட்ட பல்லைக் காட்டிட்டு வாங்க, பேசுவோம். ஆனா ஏதாவது ஒண்ணை முடிவு பண்ணுங்க.”

“நல்லதம்பி சாரை ஒரு வார்த்தை...” என்று ஜமால் தொடங்கினார்.

“நசுங்கினது அவர் முதுகா?” என்றாள் மஹ்ஜபீன்.

நான் இந்தக் கதையைத் திருடத் தீர்மானித்தது அந்த நிமிடத்தில்தான். (கதவைச் சரியாகச் சாத்தவில்லை; வாசல் வரை கேட்டது.)

5

இனி முடிவு. கையில் சில இருக்கின்றன.

ஒன்று: மஹ்ஜபீன் மாத்திரையை முறைப்படி விழுங்கிக் குணமாகிறாள். இதை எழுதினால் மருந்து கம்பெனிக்காரன் எனக்குக் காலண்டர் தருவான்.

இரண்டு: மாத்திரையை வீசிவிட்டு, பிரண்டை தின்று மலைக்கோட்டையில் ஓடி ஏறுகிறாள். நல்லதம்பியின் வாட்ஸ்அப் குழுவில் எழுபது பேர் கும்பிடு போடுவார்கள். ஆனால் இந்தப் பொய்யை என் பெரியப்பாவுக்கே கொடுத்துவிட்டேன்.

மூன்று: ஜமால் மனம் திருந்தி... வேண்டாம். மனம் திருந்துகிற புருஷனை வாசகர் நம்ப மாட்டார்.

எனக்குத் தெரிந்தது, பிறகொரு நாள் அதே வாசலில் கேட்டதையும் சேர்த்து, அடுத்த வெள்ளிக்கிழமை வரைதான். ஜமால் வழக்கம்போல் கிண்ணத்தோடு வந்தார்.

“அதை மத்தியானத்துக்கு வெச்சுக்கோங்க,” என்றாள் மஹ்ஜபீன்.

“ஆறிடுமே?”

“ஆறட்டும். சூடு பண்ணித் தாங்க, குடிக்கிறேன்.”

ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரில் மாத்திரையை விழுங்கினாள். அரை மணி நேரம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஜமால் எதிரில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தார். எதுவும் நடக்கவில்லை.

என் சிக்கல் இதுதான். இந்த வைத்தியம் பலித்தால் என்ன நடக்கும்? ஒன்றும் நடக்காது. விழமாட்டாள், உடையமாட்டாள், யாரும் புரட்ட மாட்டார்கள். வருடக்கணக்காக ஒன்றும் நடக்காததை எப்படிக் கதையாக எழுதுவது? உங்களுக்குச் சுருக்கென்று ஒரு முடிவு வேண்டுமென்றால், அவள் எங்காவது விழுந்தாக வேண்டும்.

அவள் வீட்டுக் குளியலறைத் தரை ஈரமாகத்தான் இருக்கிறது. பேனாவை உங்கள் பக்கம் வைத்துவிட்டேன். நான் துணி எடுத்துக்கொண்டு அந்தத் தரையைத் துடைக்கப் போகிறேன்.