நேர்காணலில் கேட்ட குரல்

தான் வேலை பார்த்த கிடங்கை இழுத்து மூடியபின் புது வேலை தேடும் விதமே அவருக்குப் பிடிபடவில்லை. முன்பெல்லாம் இஸ்திரி போட்ட சட்டையோடு ஒரு கம்பெனி வாசலில் போய் நின்றால், யாராவது ஒருவர் முகம் பார்த்துப் பேசுவார். இப்போது விண்ணப்பத்தை வாங்குவதும் கணினி, கழித்துக் கட்டுவதும் கணினி.

"அக்கா வேலை பார்த்த கம்பெனிக்கே போடுங்க மாமா" என்று மடிக்கணினியைத் திறந்து வைத்தாள் கொழுந்தியாள். அக்கா இறந்த பிறகு அவள் இந்த வீட்டிலேயே தங்கிவிட்டாள். வீடு வெறிச்சென்று போகாமல் பார்த்துக்கொண்டதும் அவள்தான்.

அவர் மனைவி அந்தக் கம்பெனியில் ஆளெடுக்கும் பிரிவில் இருந்தவள். வேலை கேட்டு வருகிறவர்களிடம் நாள் முழுக்கப் பேசுவதுதான் அவள் வேலை.

நேர்காணலுக்கான அழைப்பு மதியமே மடிக்கணினியில் வந்தது. தலையை வாரிக்கொண்டு மேசை முன் உட்கார்ந்தார். கொழுந்தியாள் கதவைச் சாத்திவிட்டு வெளியே போனாள். திரையில் முகம் எதுவும் வரவில்லை, ஒரு நீலக் கோடு மட்டும் நெளிந்தது.

"வணக்கம். பதறாதீங்க. தண்ணி குடிச்சிட்டு மெதுவா ஆரம்பிக்கலாம்."

அவர் திரையை நெருங்கிக் குனிந்தார். இறந்துபோன மனைவியின் குரல். 'மெதுவா'வை லேசாக இழுப்பதுகூட அப்படியே.

"உங்களைப் பத்திச் சொல்லுங்க."

"உனக்குத் தெரியாதா?" என்றார்.

"நல்லது. அடுத்த கேள்விக்குப் போகலாமா?"

சரக்கு ஏற்றுவது, இருப்பு பார்ப்பது என்று அது கேட்டதற்கெல்லாம், வீட்டுக்கு வந்ததும் அவளிடம் சொல்வதுபோலவே சொன்னார். கடைசியில் அந்தக் குரல், "மன்னிக்கணும். இந்த முறை உங்களைத் தேர்வு செய்ய முடியலை" என்றது. குரலில் ஒரு பிசிறுகூட இல்லை.

அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. யாரையாவது வேண்டாம் என்று சொல்ல நேர்ந்த நாளில் அவளும் இப்படித்தான் தட்டைத் தள்ளிவிடுவாள். "பாவம், சின்னக் குழந்தை வெச்சிருக்காராம். என் வாயால சொல்லிட்டு வந்திருக்கேங்க" என்று புலம்புவாள்.

மறுநாள் அந்த அலுவலகத்துக்கே போனார். மனைவியின் பக்கத்து இருக்கையில் இருந்த பெண்தான் இப்போது மேலாளர்.

"புதுசா வர்றவங்களுக்குப் பயிற்சி கொடுக்க அவங்க பேச்சைப் பதிவு பண்ணினோம் சார். அவங்க சம்மதத்தோடதான். அதை வெச்சுத்தான் நேர்காணல் எடுக்கிற இந்தக் கணினிக் குரலைச் செஞ்சாங்க."

"ஒரு ஆளை வேணாம்னு சொல்லிட்டு வந்தாலே அவ துடிச்சுப் போவாம்மா. இப்ப ஓய்வு ஒழிச்சல் இல்லாம அதையே சொல்ல வெச்சிருக்கீங்களே."

அந்தப் பெண் தலைகுனிந்தாள். "நானும் அந்தக் குரலைக் கேக்கத் தாங்காம ஹெட்போன் போடுறதையே விட்டுட்டேன் சார்" என்றாள். குரலை மாற்றச் சொல்வதாக வாக்குக் கொடுத்தாள்.

சொன்னபடி மாற்றியும் விட்டார்கள். அதே கம்பெனியில் இன்னொரு வேலைக்கு அவர் விண்ணப்பித்தபோது யாரோ ஓர் ஆணின் குரல் வணக்கம் சொன்னது. மனைவியை எங்கிருந்தோ மீட்டு வீட்டுக்குக் கூட்டிவந்ததுபோல இருந்தது அவருக்கு. துணி மடித்துக்கொண்டிருந்த கொழுந்தியாளிடம் நடந்ததையெல்லாம் சொன்னார்.

அவள் கை நின்றது.

"யாரைக் கேட்டு மாத்தச் சொன்னீங்க?"

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"அக்கா குரலைக் கேக்கத்தான் டிரைவர் வேலை, வாட்ச்மேன் வேலைன்னு கண்டதுக்கெல்லாம் போட்டேன் மாமா. எனக்கு ஸ்கூட்டர்கூட ஓட்டத் தெரியாது." சிரிக்கப் பார்த்தாள். முகம் கோணிக்கொண்டது. "அதுல என்னை வாங்க போங்கன்னு பேசுவா. அக்கா என்னை 'எருமை'ன்னு கூப்பிட்டுத்தான் பழக்கம். அதுக்கும் பொறுத்துக்கிட்டேன். இனி அந்தக் குரலை நான் எங்க போய்க் கேப்பேன்?"

தான் செய்தது சரிதான் என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவள் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுகிறாளோ என்று காது கொடுத்துக் கேட்டார். ஒரு சத்தமும் இல்லை. அதுதான் அவரைக் கலங்கடித்தது.