சாவு வீட்டில் கூடிய கல்விக் குழு

மாமியாரின் சாவுச் சடங்கில் முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டு தலைகளை எண்ணுவது பாவம் என்று செர்வாவுக்குத் தெரியும். ஆனாலும் எண்ணினாள். பந்தல்களுக்குக் கீழே சிவப்பும் கறுப்புமாகக் கூட்டம் நிரம்பி வழிந்தது. ஒலிபெருக்கிகள் அதிர்ந்தன. அவ்வளவு பேருக்கு நடுவில் தன் கல்லூரிக்காரர்கள் யார் யார் என்று மட்டும் அவள் கண்கள் தேடித் தேடிப் பொறுக்கின.

அவள் அரசுத் தொழில்நுட்பக் கல்லூரியில் மின்னியல் ஆசிரியை. கல்விக் குழுவில் ஓர் உறுப்பினர். பக்கத்தில் இருந்த கணவன் போவாடு அதே கல்லூரியில் பட்டறையைப் பார்த்துக்கொள்பவன். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஆசிரியர்களுக்குச் சம்பளம் உயர்ந்தது. பட்டறை, ஆய்வகக்காரர்களுக்கு உயரவில்லை. அதிலிருந்து வீட்டில் அவன் பேச்சு குறைந்துபோயிற்று. சண்டை எதுவும் கிடையாது. இரவுச் சாப்பாட்டில் இருவருக்கும் நடுவே அவள் சம்பளம் மூன்றாவது ஆளாக வந்து உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான். அதை எழுந்து போகச் சொல்ல இருவருக்கும் தெரியவில்லை.

போன மாதம் அமைச்சகத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. கல்விக் குழு பரிந்துரை செய்தால் பட்டறைக்காரர்களையும் ஆசிரியர்களின் சம்பள நிலைக்குக் கொண்டுவரலாம். பரிந்துரை திங்கட்கிழமைக்குள் தலைநகர் அக்ராவுக்குப் போய்ச் சேர வேண்டும். கல்லூரிப் பணத்தில் புது அரங்கம் கட்டும் கனவில் இருந்த முதல்வர் டாக்டர் ஒவிரெடு, அதை மேசை இழுப்பறையில் போட்டு வைத்திருந்தார். பிறகு திடீரென்று அவசரக் கூட்டம் அறிவித்தார், சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு. மாமியார் அஃப்ரியே அம்மாவின் சாவுச் சடங்கும் அதே சனிக்கிழமைதான். செத்தவரை மாதக்கணக்கில் வைத்திருந்து நாள் குறித்துச் சடங்கு செய்வது அங்கே வழக்கம்; அவள் படமும் தேதியும் போட்ட சுவரொட்டி இரண்டு மாதமாகக் கல்லூரி வாசலிலேயே ஒட்டியிருந்தது. சடங்கு நடப்பதோ அவள் பிறந்த ஊரில், கல்லூரியிலிருந்து இரண்டு மணி நேரச் செம்மண் பாதை தாண்டி.

"அங்க போய் உக்காந்தா சாவுக்கு வராதவங்கன்னு பேரு. இங்க வந்தா கூட்டத்துக்கு வராதவங்கன்னு பேரு" என்றாள் கணித ஆசிரியை ஃபிரிமா, பின்னாலிருந்து செர்வாவின் காதருகே குனிந்து. "ரெண்டு கதவையும் சாத்திட்டு சாவியை சட்டைப் பையில போட்டுக்கிட்டாருடி மனுஷன்."

அவள் கையால் தின்ற யாராலும் சாவுக்கு வராமல் இருக்க முடியாது. கல்லூரி வாசலில் அஃப்ரியே அம்மா சோற்றுக்கடை வைத்திருந்தாள். அரசு சம்பளம் தராத மாதங்களில் பாதிக் கல்லூரி அவள் கடையில்தான் கடன் சொல்லித் தின்றது. அவளும் முகம் சுளிக்காமல் வாச்சே என்ற பயறுச் சோற்றின் மேல் மீன்துண்டு வைத்துக் கொடுத்தாள்.

ஒலிவாங்கியைப் பிடித்திருந்தவரும் அவள் கடையில் தின்றவர்தான். அடோமாகோ, வணிகவியல் துறைத் தலைவர். வாரநாட்களில் முதல்வரின் நிழல். சனிக்கிழமைகளில் அந்த வட்டாரத்திலேயே பேர்பெற்ற சாவு வீட்டு அறிவிப்பாளர். யார் எத்தனை சிடி பணம் மொய் போட்டார்கள் என்பதை அவர் அறிவிக்கும் அழகில், போட்டவன் இன்னொரு முறை போடுவான்.

"மீன்கடை எஸ்தர் அம்மாவும் அவங்க நாலு பிள்ளைகளும்! இருநூறு சிடி! இருநூறு! கை தட்டுங்கய்யா, கை என்ன வாடகைக்கு வாங்கினதா?"

காலையிலேயே ஃபிரிமா அவரிடம் கேட்டுப் பார்த்திருந்தாள். "நீங்களும் குழு மெம்பர்தானே சார்? எங்க பக்கம் நிப்பீங்களா?"

"இன்னிக்கு நான் மெம்பர் இல்ல மேடம். கூலிக்கு வந்தவன்" என்று அவர் நழுவிவிட்டார். அவருடைய பதவி உயர்வுக் காகிதமும் ஒவிரெடுவின் அதே இழுப்பறையில்தான் தூங்கிக்கொண்டிருந்தது.

வெயில் உச்சிக்கு ஏறியபோது கல்லூரி வண்டி வந்து நின்றது. முதல்வர் இறங்கினார். நல்ல கறுப்புத் துணியை ரோமானியப் பிரபு மாதிரி தோளில் சுற்றியிருந்தார். பின்னால் அவருடைய ஆட்கள் நான்கு பேர், கல்விக் குழுவில் இருக்கும் நான்கு துறைத் தலைவர்கள். வலப்பக்கத்திலிருந்து தொடங்கி ஒவ்வொருவராகக் கைகொடுத்துக்கொண்டே வந்தார்கள். செர்வாவின் கையை அவர் இரண்டு கைகளாலும் பிடித்தார்.

"ரொம்ப வருத்தம் மேடம். காலைல ஒம்போதுக்கே போய் உக்காந்தோம். ஆள் சேரல. தள்ளி வெச்சுட்டு வந்துட்டோம். என்ன பண்றது, எல்லாருக்கும் மனசு இங்கதானே?"

போவாடுவிடம் நகர்ந்தார். "தைரியமா இருப்பா."

"வந்ததுக்கு நன்றி சார்" என்றான் போவாடு.  அவன் முகம் பூட்டிய பட்டறை மாதிரி இருந்தது.

ஃபிரிமாவின் விரல்கள் செர்வாவின் தோளில் நகம் பதித்தன. "செர்வா! எண்ணினியா? நாம இங்க இருக்கிறவங்க, அந்த நாலு பேரு, அந்தாளு. அடோமாகோ இல்லாமலே சரியாப் பாதி வந்துருச்சுடி! ஆள் குறைச்சல்னு சொன்னவரே குறைஞ்ச ஆளை வண்டியில ஏத்திக் கொண்டாந்து கொடுத்திருக்காரு!"

 செர்வாவுக்கும் அதே கணத்தில் அதுதான் தோன்றியிருந்தது. குழுவோடு குமாசி நகரிலிருந்து திரும்பும்போது பஸ் டயர் வெடித்ததும், பெட்ரோல் பங்க் ஓரத்தில் நின்றபடியே இதே ஒவிரெடு கூட்டத்தைக் கூட்டித் தேர்வு முடிவுகளை நிறைவேற்றியவர். முதல்வரோடு சேர்த்துப் பாதிப்பேர் இருந்தால் அதுதான் கூட்டம். கூரை வேண்டும் என்று யாரும் சொன்னதில்லை.

"நீதான் கேக்கணும்" என்றாள் ஃபிரிமா. "வீட்டுக்காரங்களைத் தவிர வேற யாரும் அந்த மைக்கைத் தொட முடியாது."

 ஏழு வருடமாகக் கல்விக் குழுவில் செர்வா பேசியதெல்லாம் 'வழிமொழிகிறேன்' என்ற ஒரு சொல்தான். அவளுக்குப் பிடித்தது புத்தகமும் மூடிய அறையும். பேசாமல் இருப்பதைப் பெரிய நாகரிகம் என்று நினைத்து வந்தவள். இப்போது பேசினால் மாமியாரின் சாவைத் தெருக்கூத்து ஆக்கினாள் என்று ஒரு குலமே பேசும். பேசாவிட்டால் திங்கட்கிழமை போய்விடும். அந்த மூன்றாவது ஆள் சாப்பாட்டு மேசையை விட்டு எழுந்திருக்கவே மாட்டான்.

கணவனைப் பார்த்தாள். செத்தது அவன் அம்மா.

அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.  பிறகு கையை நீட்டி, அவள் மடியிலிருந்த கைப்பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான்.

அவள் எழுந்துவிட்டாள்.

குடும்பத் தலைவர் ஒபெங், போவாடுவின் தாய்மாமன், மொய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் பெரிய நாற்காலியில் இருந்தார். அவர் முன்னால் அவள் குனிந்து நின்று சொன்னாள். அவர் காதில் கைவைத்துக் கேட்டார்.

"சாவு வீட்டுல மீட்டிங்கா?"

"கால் மணி நேரம் மாமா."

"சோறு ஆறிடுமே."

"ஆறாது மாமா."

"போவாடு சம்பள விஷயமா? என் தங்கச்சி செத்துப்போற வரைக்கும் பொலம்பிக்கிட்டிருந்தாளே, அதுவா?"

"அதுதான் மாமா. பட்டறையில இருக்கிற எல்லாருக்கும்."

கிழவர் மொய்ப் பெட்டியைப் பார்த்தார். "இந்தக் கையத் தூக்கறவங்க... பெட்டியில ஏற்கெனவே போட்டுட்டாங்கல்ல. கையத் தூக்கினப்புறம் இன்னொரு தடவை போடுவாங்களா?"

"போட வைக்கிறேன் மாமா."

"அப்பப் பேசு. நல்லா சத்தமாப் பேசு."

அடோமாகோ ஒலிவாங்கியை விடவில்லை. "மேடம், அடுத்து தேவாலயத்துப் பாட்டுக் குழு—"

"குடுங்க சார்."

கொடுத்தார். ஒலிபெருக்கி கீச்சிட்டது. நூற்றுக்கணக்கான முகங்கள் திரும்பின.  செர்வாவுக்கே அந்நியமான ஒரு குரல் பந்தல்களெல்லாம் அதிர வந்தது.

"எல்லாருக்கும் வணக்கம். எங்க கல்லூரியோட கல்விக் குழு காலைல கூடல. ஆள் சேரலைன்னு முதல்வர் சொல்றாரு. இப்ப ஆளும் இருக்கு, முதல்வரும் இருக்காரு. தள்ளி வெச்ச கூட்டத்தை இங்கயே நடத்தச் சொல்லிக் கேட்டுக்கறேன்."

ஒவிரெடு சிரித்தார். நல்ல சிரிப்பு. "மேடம், துக்கத்துல இருக்கீங்க. இது சாவு வீடு."

"பெட்ரோல் பங்குல நடத்தினோம் சார். வெடிச்ச டயருக்குப் பக்கத்துல. அதுக்கு இது எவ்வளவோ மரியாதையான இடம்."

முதலில் சிரித்தது பட்டறைக்காரர்கள்தான். அத்தனை பேரும் ஒரே துணியில் சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு, காலையிலிருந்து நாற்காலியும் பானப் பெட்டிகளும் சுமந்துகொண்டிருந்தவர்கள். அவர்களைத் தொடர்ந்து பந்தல் பந்தலாகச் சிரிப்பு பரவியது.

 முதல்வர் நேராக மொய்ப் பெட்டிக்குப் போய்த் தடித்த உறை ஒன்றை நீட்டினார். அதைக் கொடுத்து, ஒலிபெருக்கியில் தன் பேரைக் கேட்டுவிட்டு, வண்டி ஏறிவிடுவது அவர் எண்ணம்.

ஒபெங் உறையைத் தொடவில்லை. "நல்லாயிருங்க முதல்வரே. மீட்டிங் முடியட்டும், வாங்கிக்கறோம்."

"ஐயா, இது என்னோட—"

"அவசரமே இல்ல. நாங்க எங்கயும் போகல."

பாட்டுக் குழு பாட மறந்து பார்த்தது. ஒரு பெரிய மனிதர் மொய்யோடு வந்து, வாங்க ஆளில்லாமல் அதே கையோடு திரும்பினார் என்றால், அந்தக் கதை அவருக்கு முன்னால் கல்லூரி வாசலுக்குப் போய்விடும். அது அவருக்கும் தெரியும். உறையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"சரி. கூட்டம் தொடங்குது" என்றார். குரல் இனிப்பாகவே இருந்தது. "முதல் விஷயம். செர்வா மேடத்தோட வீட்டுக்காரர் இந்தச் சம்பள உயர்வுல ஆதாயம் அடையறவரு. அவங்க இதுல உக்காரக் கூடாது. விதி அப்படித்தானே மேடம்?"

அது சரியான பேச்சு. அவளால் மறுக்க முடியவில்லை. "சரிதான் சார்" என்றாள். ஃபிரிமாவின் முகம் விழுந்தது. செர்வா ஒலிவாங்கியை அடோமாகோவிடம் திருப்பித் தந்துவிட்டு, பந்தலைத் தாண்டி, பெண்கள் அண்டாக்களில் கிண்டிக்கொண்டிருந்த கொல்லைக்கு நடந்தாள்.  முதுகுக்குப் பின்னால் அவர் குரல் கேட்டது. "இப்ப எண்ணுங்க. எண்ணிட்டீங்களா? ஒருத்தர் குறையறாங்க, இல்லையா? ரொம்ப வருத்தமா இருக்கு. ஆகவே—"

அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. ஜெனரேட்டர் உறுமுவது மட்டும் கேட்டது. செர்வா ஓர் அடுப்பின் அருகே நின்று தீயைப் பார்த்தாள். எவ்வளவோ மௌனங்களில் அவள் சுகமாக இருந்திருக்கிறாள். இது போன்ற ஒன்றில் இருந்ததில்லை.

அப்போது ஒலிபெருக்கி பேசியது. மெதுவாகத் தொடங்கி, மொய் அறிவிக்கும் அதே ஏற்றத்தில் உயர்ந்தது.

"வணிகவியல் துறைத் தலைவர்... அஃப்ரியே அம்மா கடையில மூணு வருஷம் கடன் தின்னவர்... திரு. அடோமாகோ! இங்கதான் இருக்காரு! மெம்பரா இருக்காரு! எழுதிக்குங்கய்யா! கை தட்டுங்கய்யா!"

கூட்டம் ஒரேயடியாக எழுந்தது. நாற்காலிகள் சரிந்தன. எழுந்தவர்களின் முதுகுகள் எல்லாவற்றையும் மறைத்துவிட்டன. செர்வா எம்பிப் பார்த்தாள். சிவப்பும் கறுப்பும்தான் தெரிந்தன. வெளியே அனுப்பப்பட்டவர்களுக்கு இப்படித்தான் தெரியும் போலிருக்கிறது, முதுகுகள் மட்டும்.

யாரோ அவளுக்குப் பக்கத்தில் பானப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறினார்கள். போவாடு. அவள் கைப்பை இன்னும் அவன் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது.

"என்ன ஆச்சு?" என்றாள். "தெரியுதா?"

அவன் கழுத்தை நீட்டினான். "ஃபிரிமா தூக்கிட்டா. ரெண்டு கையும் தூக்கறா, ஒண்ணை இறக்கச் சொல்றாங்க. கட்டுமானத் துறைக்காரர் தூக்கிட்டாரு. மர வேலை மேடம்... தூக்கிட்டாங்க! இயந்திரவியல்காரர் யோசிக்கிறாரு. யோசிக்கிறாரு... ஏய், என்னய்யா யோசனை, உன் லேத்தை யாரு ரிப்பேர் பண்ணினா? தூக்கிட்டாரு!"

"முதல்வர் ஆளுங்க?"

"மூணு பேரு கையக் கட்டிக்கிட்டு நிக்கறாங்க. ஒருத்தரு... அட! ஒருத்தரு தூக்கறாரு! முதல்வரைப் பார்க்காமலே தூக்கறாரு! அடோமாகோ, மைக்கைப் பிடிச்ச கையையே தூக்கிட்டாரு, அதான் சத்தம் வரல!" அவன் குரல் உடைந்து உயர்ந்தது. பெட்டி ஆடியது. செர்வா அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். "எழுதறாங்க. முதல்வரு கையெழுத்துக்குப் பேனா தேடறாரு. ஃபிரிமா குடுக்கறா. போட்டுட்டாரு! செர்வா, போட்டுட்டாரு! மாமா இப்பத்தான் அந்த உறைய வாங்கறாரு. பிரிச்சுப் பார்க்கறாரு. சிரிக்கிறாரு, மாமா சிரிக்கிறாரு!"

முரசுகள் வெடித்தன. அண்டாவைக் கிண்டிக்கொண்டிருந்த பெண்கள் கரண்டியோடு ஆடத் தொடங்கினார்கள். முதல்வரின் பேரும் தொகையும் ஒலிபெருக்கியில் முழங்கின. இரண்டாவது மொய் போட வரிசையில் நிற்கும்படி கல்விக் குழு உறுப்பினர்களை அடோமாகோ அதட்டிக்கொண்டிருந்தார்.

பார்க்க இனி எதுவும் இல்லை. ஆனாலும் போவாடு பெட்டியிலிருந்து இறங்காமல் சொல்லிக்கொண்டே இருந்தான்; யார் ஆடுகிறார்கள், யார் அழுகிறார்கள், பட்டறை ஆட்கள் யாரைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள், அம்மா இருந்திருந்தால் இன்றைக்கு யாருக்கெல்லாம் மீன்துண்டு பெரிதாக வைத்திருப்பாள் என்று. செர்வா ஒரு வார்த்தையும் குறுக்கே பேசவில்லை. அவன் முழங்காலைப் பிடித்தபடி நின்று, கேட்டுக்கொண்டே இருந்தாள்.